முதல் சூப்பர்நோவா எச்சம்: வெய்ல் நெபுலாவுக்குக் காத்திருப்பதா, இப்போதே வேறொன்றை எடுப்பதா?

பொள்ளாச்சி_இரவு:

எல்லோருக்கும் வணக்கம். ஓரியன், ரொசெட், ஆண்ட்ரோமெடா என்று எல்லோரும் முதலில் எடுப்பதையெல்லாம் எடுத்துக் கை கொஞ்சம் பழகிவிட்டது. இப்போது ஒரு சூப்பர்நோவா எச்சத்தை, அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சத்தை, எடுக்க வேண்டும் என்று ஆசை. பத்தாயிரம் வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெடிப்பின் அலையை மொட்டைமாடியில் நின்று படமாக்க முடியும் என்பதை நினைத்தாலே தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

என்னிடம் இருப்பவை: 51 மி.மீ. ரிஃப்ராக்டர் தொலைநோக்கி (குவியத்தூரம் 250 மி.மீ., எஃப்/4.9), கூலிங் உள்ள ஏஎஸ்ஐ 533 கலர் கேமரா, ஸ்டார் அட்வென்சரர் ஜிடிஐ மவுன்ட் (வானம் நகர்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), அது பிசகாமல் தொடர்வதைச் சரிபார்க்கும் சின்ன கைட் ஸ்கோப். உள்ளே இருக்கும் ஐஆர் ஃபில்டரை மாற்றிய பழைய கேனான் 600டி ஒன்றும், 85 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன.

எல்லா வீடியோக்களிலும் முதலில் வெய்ல் நெபுலாவை எடு என்றுதான் சொல்கிறார்கள். அது சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாலையிலேயே உச்சிக்கு அருகில் வந்துவிடும். ஆனால் இங்கே அந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும், அது முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இப்போது மார்கழி பிறந்து வானம் தெளிய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் வெய்ல் மேற்கே இறங்கிவிட்டது.

அடுத்த வருடம் வரை காத்திருப்பதா, இப்போது வானத்தில் இருக்கும் வேறு எச்சம் எதையாவது எடுப்பதா? நண்டு நெபுலா எப்படி? இரண்டு அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் கட்டாயம் வேண்டுமா? வடக்கே தென்னந்தோப்பு இருப்பதால் துருவ நட்சத்திரம் எனக்குத் தெரியவே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ரோகிணி:

தம்பி, காத்திருக்க வேண்டாம். அந்த வீடியோக்களை எடுப்பவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடைதான் வசதியான காலம். நமக்கு மழை ஓய்ந்தபின் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல வானம். அந்த நான்கு மாதங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் நம் இலக்கு. நல்ல வேளையாக அந்தப் பருவத்தில் எச்சங்களுக்குப் பஞ்சமே இல்லை.

நண்டு நெபுலா, அதாவது எம்1, ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனியில் இருக்கும் ஸீட்டா டாரி நட்சத்திரத்திலிருந்து ஒரு டிகிரி தள்ளி இருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது, பிரகாசமும் உண்டு. ஆனால் அதன் அளவு ஏறத்தாழ 6 ஆர்க் நிமிடத்துக்கு 4 தான் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க் நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க் செகண்ட்). உங்கள் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான், 250 மி.மீ. குவியத்தூரத்தில் ஒரு பிக்சலுக்குச் சுமார் 3.1 ஆர்க் செகண்ட் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் பிக்சல் அகலமான படத்தில் நண்டு நூற்றுச் சொச்சம் பிக்சல்தான் நீளம் இருக்கும். உள்ளே இருக்கும் சிவப்பு இழைகளைப் பார்க்கத்தான் நாம் எம்1 எடுக்கிறோம், அவை இதில் தனித்தனியாகப் பிரியாது. 800, 1000 மி.மீ. தொலைநோக்கி கையில் வரும்போது அதை எடுங்கள்.

உங்கள் கருவிக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துவது ஐசி 443, ஜெல்லிமீன் நெபுலா. மிதுனத்தின் கால் பக்கம் ஈட்டா, மியூ என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கிறது, சுமார் 5000 ஒளியாண்டு தூரம். அகலம் 50 ஆர்க் நிமிடம், அதாவது உங்கள் படத்தில் ஆயிரம் பிக்சலுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் கேமராவின் பரப்பு வானத்தில் 2.6 டிகிரி சதுரம், ஆகவே ஜெல்லிமீனும் இரண்டு நட்சத்திரங்களும் சுற்றியிருக்கும் மங்கலான ஹைட்ரஜனும் ஒரே சட்டத்தில் அடங்கும். பொள்ளாச்சியிலிருந்து அது 78 டிகிரி உயரம் வரை ஏறும். ஜனவரி நடுவில் இருட்டியதிலிருந்து இரவு 2 மணி தாண்டும் வரை 30 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஒரே இரவில் ஆறேழு மணி நேரம் எடுக்கலாம், இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐசி 443 வெறும் வெற்றிடத்தில் பரவவில்லை, பக்கத்தில் இருக்கும் அடர்த்தியான மூலக்கூறு மேகத்தில் அதிர்ச்சி அலை மோதிக்கொண்டிருக்கிறது. மோதும் பக்கத்தில் விளிம்பு பிரகாசமாகவும் இழை இழையாகவும் இருக்கிறது, எதிர்ப்பக்கம் அகன்று மங்கலாகப் போய்விடுகிறது. அந்தப் பிரகாசமான விளிம்பு ஐந்து நிமிட சிங்கிள் ஃப்ரேமிலேயே தெரிந்துவிடும் என்பதால் ஃபோகஸும் ஃப்ரேமிங்கும் சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சிமெய்ஸ் 147 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதுவும் இதே பருவத்தில், ரிஷபத்துக்கும் ஆரிகாவுக்கும் இடையில்தான் இருக்கிறது. 1952-ல் கிரிமியா ஆய்வகத்தில் புகைப்படத் தகடுகளில் கண்டுபிடித்தார்கள். மூன்று டிகிரி அகலம், ரொம்ப ரொம்ப மங்கல். அதற்குப் பல இரவுகளும் நல்ல இருட்டும் வேண்டும்.

ஃபில்டர் பற்றி: ஆம், வாங்குங்கள். கேலக்ஸி எல்லா நிறத்திலும் ஒளி தருவது, அதற்கு இந்த ஃபில்டர் உதவாது. எச்சத்தின் இழைகளோ பெரும்பாலும் சில குறிப்பிட்ட அலைநீளங்களில்தான் ஒளிர்கின்றன. ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன் ஓ-3 500.7 நானோமீட்டர். இந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுத்தால் தெருவிளக்கின் வெளிச்சம் பெரும்பகுதி போய்விடும், எச்சம் நிற்கும். 7 நானோமீட்டர் போதுமானது. 3 நானோமீட்டர் இன்னும் நல்லது, ஆனால் விலை அதிகம். வாங்கும்போது பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறதா என்று அதே ஃபில்டரில் மற்றவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். ஜெல்லிமீனுக்கு இது முக்கியம், ஏனென்றால் மூன்றாம் பிரகாச அளவிலான ஈட்டா ஜெமினோரம் நெபுலாவை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது.

---

ஜவ்வாது_அடிவாரம்:

ரோகிணி அக்கா சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வெய்லை அடுத்த வருடக் கணக்கில் தள்ள வேண்டியதில்லை. மே முதல் வாரத்தில் அது நள்ளிரவையொட்டி வடகிழக்கில் எழும், 2 மணி வாக்கில் 30 டிகிரி தாண்டும், விடியல் வெளிச்சம் வரும் வரை இரண்டரை மணி நேரம் கிடைக்கும். நான் இருக்கும் பக்கம், காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கும் அதே மலைத்தொடரில், மே மாதம் மாலையில் இடிமழை வந்தாலும் அதற்குப்பின் அதிகாலை வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும். தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களை விடாதீர்கள்.

இரண்டாவது, வெய்ல் முழுசாக 3 டிகிரி அகலம், உங்கள் 533-ல் அடங்காது. முழு வளையம் வேண்டுமென்றால் அதே தொலைநோக்கியில் 600டி மாட்டுங்கள், 5 டிகிரிக்கு 3.4 டிகிரி வரும், சரியாக உட்காரும். ஆனால் மே மாத வெப்பத்தில் கூலிங் இல்லாத கேமராவில் இரைச்சல் கூடும், சென்சார் வெப்பம் சுமார் 6 டிகிரி ஏறும்போதெல்லாம் டார்க் கரண்ட் (ஒளியே படாமல் சென்சாரில் சேரும் சிக்னல்) இரட்டிப்பாகும். அதனால் என் யோசனை, 533-ஐ வைத்து ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். மேற்குப் பக்கம் என்ஜிசி 6960, 52 சிக்னி நட்சத்திரம் நடுவில் நிற்பதால் கண்டுபிடிப்பது சுலபம். கிழக்குப் பக்கம் என்ஜிசி 6992, அதுதான் எனக்குப் பிடித்தது. சிவப்பும் நீலப்பச்சையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போவது அங்கேதான் நன்றாகத் தெரியும்.

அந்த நிறங்கள் ஏன் பிரிகின்றன என்று தெரிந்துகொண்டு எடுத்தால் படத்தை ப்ராசஸ் செய்யும்போதும் கை சரியான இடத்துக்குப் போகும். அதிர்ச்சி அலை இப்போதுதான் கடந்த இடத்தில் வாயு மிகச் சூடாக இருக்கும், அது ஆறத் தொடங்கும்போது முதலில் ஓ-3 ஒளிர்கிறது. இன்னும் ஆறி, எலக்ட்ரான்கள் மறுபடி ஹைட்ரஜனோடு சேரும் இடத்தில் ஹைட்ரஜன் ஆல்ஃபா பலமாக வருகிறது. அதனால் பல இடங்களில் நீலப்பச்சை இழை முன்னாலும் சிவப்பு இழை பின்னாலும் இருக்கும். அலை எந்தத் திசையில் போகிறது என்பதை உங்கள் படமே காட்டிவிடும்! மெல்லிய இழைகளாகத் தெரிபவையும் உண்மையில் கயிறுகள் இல்லை, அலையலையாக மடிந்த தாள் போன்ற பரப்புகள். அவற்றை நாம் விளிம்பு வாக்கில் பார்க்கும் இடத்தில் மட்டும் கோடாகத் தெரிகின்றன.

வில்லியம் ஹெர்ஷல் இதை 1784 செப்டம்பரில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தார். நடுவில் இருக்கும் முக்கோணப் பகுதி 1904-ல்தான், வில்லியமினா ஃப்ளெமிங் புகைப்படத் தகட்டில் பார்த்து. ஆய்வக இயக்குநரின் பெயரால் அதைப் பிக்கரிங் முக்கோணம் என்று வெகுகாலம் அழைத்தார்கள், நான் ஃப்ளெமிங் முக்கோணம் என்றுதான் எழுதுவேன்.

---

நாஞ்சில்_வான்:

இலக்கைப் பற்றி இருவரும் பேசிவிட்டார்கள், நான் மவுன்ட் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அட்சரேகை 8 டிகிரி, உங்களுக்கு 10.7. துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும், தோப்பு இல்லாவிட்டாலும் தூசியும் ஈரமும் மறைத்துவிடும். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து மவுன்ட்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் போலார் ஸ்கோப்பை மறந்துவிடுங்கள். நைனா மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் பிளக்-இன் இருக்கிறது. வானத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அங்கே மூன்று படம் எடுத்து, பிளேட் சால்வ் செய்து (படத்தின் நட்சத்திரங்களை வைத்து அது வானத்தில் எந்த இடம் என்று கணித்து), அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும். நீங்கள் திருகுகளைத் திருப்பத் திருப்ப எண் குறைந்துகொண்டே வரும். ஏஎஸ்ஐ ஏர் வைத்திருந்தால் அதிலும் இதே போன்ற வசதி வந்துவிட்டது. இவ்வளவு தாழ்வில் காற்றுமண்டலம் துருவத்தை 5 ஆர்க் நிமிடம் அளவுக்கு உயர்த்திக் காட்டும், ஆகவே நட்சத்திரத்தைப் பார்த்துச் செய்பவர்களுக்கும் கொஞ்சம் பிழை இருக்கத்தான் செய்யும். 250 மி.மீ.-க்கு அலைன்மென்ட் பிழை ஒன்றிரண்டு ஆர்க் நிமிடத்துக்குள் வந்தால் போதும், மிச்சத்தைக் கைடிங் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தொல்லை. மவுன்ட்டின் அச்சு ஏறக்குறைய படுத்துக் கிடப்பதால் எதிர் எடைக் கம்பி நேராகக் கீழே தொங்கி ட்ரைபாட் காலில் இடிக்கும். ட்ரைபாடுக்கும் மவுன்ட்டுக்கும் நடுவில் பில்லர் எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டுவிடுங்கள். எடையைக் கம்பியின் நுனிக்குத் தள்ளாமல் கொஞ்சம் கனமான எடையை மேலே வைத்தாலும் இடிபடுவது குறையும். ஜெல்லிமீன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வரும் என்பதால் கேமரா பக்கமும் காலில் மோத வாய்ப்புண்டு. இரவு 10 மணிக்கு மேல் மெரிடியன் ஃப்ளிப் (இலக்கு உச்சக்கோட்டைக் கடந்ததும் மவுன்ட் தொலைநோக்கியை மறுபக்கம் திருப்புவது) வரும் நேரத்தில் முதல் நாள் மட்டும் பக்கத்திலேயே நின்று பாருங்கள், கேபிள் எதுவும் இழுபடாமல் திரும்புகிறதா என்று.

மார்கழி, தை மாதப் பனியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லென்ஸைச் சுற்றி டியூ ஹீட்டர் பட்டை கட்டாயம், கைட் ஸ்கோப்புக்கும் ஒன்று. கைட் ஸ்கோப்பில் பனி படிந்தால் நட்சத்திரம் மங்கிக் கைடிங் அறுந்துவிடும், காரணம் புரியாமல் கேபிளைத் தேடிக்கொண்டிருப்போம். கூலிங்கை 0 டிகிரியில் வையுங்கள். நம் இரவு வெப்பநிலையில் வருடம் முழுவதும் அதை எட்ட முடியும், அதனால் ஒரே டார்க் தொகுப்பை (இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் படங்களை) மாதக்கணக்கில் பயன்படுத்தலாம்.

---

பொள்ளாச்சி_இரவு:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெல்லிமீன் என்று முடிவு செய்துவிட்டேன், வெய்லின் கிழக்குப் பக்கத்துக்கு மே மாதத்தில் விடுப்பு எடுத்துவைக்கிறேன். அந்த மூன்று புள்ளி முறை இவ்வளவு நாள் தெரியாமல் போனதே என்றிருக்கிறது அண்ணா, தோப்புக்காரரிடம் பேச வேண்டிய வேலை மிச்சம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை நிமிடம், மொத்தம் எத்தனை மணி நேரம்? நிலா இருக்கும் நாட்களில் எடுக்கலாமா? அப்புறம் ப்ராசஸிங். டூயல் பேண்டில் எடுத்த படங்களைச் சாதாரணக் கலர் படம் போலவே ஸ்டேக் செய்தால் (எல்லா ஃப்ரேம்களையும் ஒன்றாகச் சேர்த்தால்) போதுமா?

---

ரோகிணி:

கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) 100-ல் வையுங்கள், 533-ல் ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்) அந்த இடத்தில்தான் சட்டென்று இறங்குகிறது. ஃப்ரேம் 300 செகண்ட். கைடிங் சரியில்லாத இரவில் 180-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், பெரிய நஷ்டமில்லை. மொத்த நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் கூடும், ஆகவே இரண்டு மணி நேரப் படத்தைவிட இரண்டு மடங்கு சுத்தமான படம் வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் வேண்டும். நான் எட்டுக்குக் குறையாமல் எடுக்கச் சொல்வேன். பல இரவுகளில் சேர்க்கலாம், கேமரா கோணத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு சில ஃப்ரேமுக்கும் டிதரிங் செய்யுங்கள் (சட்டத்தைச் சில பிக்சல் நகர்த்துங்கள்), ஒவ்வொரு இரவும் ஃப்ளாட் (ஓர மங்கலையும் தூசி நிழலையும் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுங்கள். மங்கலான வெளிப்பகுதியை இழுக்கும்போது ஃப்ளாட் இல்லாத படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நிலா வெளிச்சம் நீலப் பக்கம் அதிகமாகச் சிதறுவதால் ஓ-3 தான் முதலில் அடிபடும், ஹைட்ரஜன் ஆல்ஃபா ஓரளவு தாங்கும். ஜெல்லிமீனில் ஓ-3 ஏற்கெனவே பலவீனம், அதனால் அரைநிலாவுக்கு மேல் போகும் இரவுகளில் எடுப்பதை ஹைட்ரஜனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அமாவாசையை ஒட்டிய இரவுகளை ஓ-3-க்கு ஒதுக்குங்கள்.

ஸ்டேக்கிங்குக்கு சிரில் போதும், இலவசம். அதில் கலர் கேமரா படத்திலிருந்து ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் ஓ-3-ஐயும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட் உண்டு. சிவப்பு பிக்சல்களில் ஹைட்ரஜன், பச்சையிலும் நீலத்திலும் ஆக்சிஜன் விழுந்திருக்கும். இரண்டையும் தனியாக ஸ்டேக் செய்து, கிராக்ஸ்பெர்ட்டில் பின்னணிச் சாய்வை எடுத்துவிட்டு, ஸ்டார்நெட்டில் நட்சத்திரங்களைப் பிரித்து, அதன்பிறகு தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய்யுங்கள் (மங்கலானவை தெரியும்படி வெளிச்சத்தை இழுங்கள்). ஒன்றாகப் போட்டு இழுத்தால் ஹைட்ரஜன் எல்லாவற்றையும் விழுங்கி முழுப் படமும் ஒரே சிவப்பாகிவிடும்.

ஒரு வேண்டுகோள். இழைகளைக் கூர்மையாக்கும் கருவிகளை அளவோடு பயன்படுத்துங்கள். எச்சங்களில் இயற்கையாகவே இழை அதிகம், மென்பொருள் கொஞ்சம் உற்சாகமானால் இல்லாத இழைகளையும் நெய்துவிடும். சந்தேகம் வந்தால் ஸ்டேக் செய்த மூலப் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள், அங்கே ஒரு சாயலாவது இருக்க வேண்டும்.

---

நாஞ்சில்_வான்:

அந்த 600டி-யும் 85 மி.மீ. லென்ஸும் சும்மா இருக்க வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் தெற்கே வேலா எச்சத்தை எடுங்கள். லண்டனிலிருந்து அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை, பொள்ளாச்சியில் 34 டிகிரி ஏறுகிறது. 8 டிகிரி அகலம், ஏறத்தாழ 900 ஒளியாண்டு தூரம், வெடித்து 11,000 வருடம் ஆகியிருக்கும் என்கிறார்கள். 85 மி.மீ. லென்ஸில் 15 டிகிரிக்கு 10 டிகிரி கிடைக்கும், முழு எச்சமும் உள்ளே வந்துவிடும். கூடவே பப்பிஸ் ஏ என்ற இன்னொரு எச்சமும் அந்தச் சட்டத்தில் விழும், அது வேலாவைவிடப் பல மடங்கு தொலைவில் இருப்பது. நகர வெளிச்சம் எந்தத் திசையில் என்பதை முதலில் பாருங்கள், தெற்கு இருட்டாக இருந்தால் மட்டுமே இது சரிப்படும். வால்பாறைப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுவையுங்கள்.

533-ல் எடுப்பதானால் அதன் கிழக்கு ஓரத்தில் என்ஜிசி 2736, பென்சில் நெபுலா. ஜான் ஹெர்ஷல் 1835-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பார்த்தது. தந்தை வெய்லைக் கண்டுபிடித்தார், மகன் வேலாவின் ஒரு துண்டை.

---

ஜவ்வாது_அடிவாரம்:

வேலாவுக்கு நானும் கை தூக்குகிறேன். மார்ச் நடுவில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கில் நிற்கும், அதற்கு இரண்டு மணி முன்னும் பின்னும்தான் பயனுள்ள நேரம், அதனால் இரண்டு மூன்று இரவு சேர்க்க வேண்டியிருக்கும். 85 மி.மீ.-யில் கைடிங் தேவையில்லை, 2 நிமிட ஃப்ரேம் போதும்.

நண்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அக்கா அதைத் தள்ளிவைத்ததில் எனக்கு மறுப்பில்லை என்றாலும். 1054 ஜூலையில் சீனர்கள் பகலிலேயே பார்த்துக் குறித்துவைத்த வெடிப்பு அது. இங்கே கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலம். அதன் ஓரங்கள் இன்றும் வருடத்துக்கு 0.2 ஆர்க் செகண்ட் அளவு நகர்கின்றன. யாராவது நண்பரின் 1000 மி.மீ. தொலைநோக்கியில் உங்கள் 533-ஐ மாட்டி இந்தத் தையில் ஒரு படம் எடுத்துவைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து அதே கருவியில் மறுபடி எடுத்தால் விரிந்திருப்பது இரண்டு மூன்று பிக்சலாகத் தெரியும். மூல ஃபைல்களை அழிக்காமல், ஃபில்டர், தேதி எல்லாம் எழுதி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.